இருநூறு யூனிட்டுக்குள் அடங்கிய கார்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம், ஆரணியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஜெயவேல் என்னிடம் சொன்னான். சொல்லும்போது ஒருதரம்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே பஜ்ஜி போடுகிறவரின் கரண்டியையே பார்த்துக்கொண்டு சொன்னான். முடித்துவிட்டு, "நீதான் கதை எழுதறியே, இத்த எழுதேன்" என்றான். எழுதினால் பாரம் குறையும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குறையாது. மூன்று மாதமாக எழுதுகிறேன், எனக்கும் சேர்த்து ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

"எனக்கும் சேர்த்து" என்று ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். வெட்டலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், பிறகு அதற்கு வருகிறேன்.

ஆரம்பம் மட்டும் மூன்று எழுதினேன்.

முதலாவது: "ஜெயவேலுக்கு ஐந்தாவது படிக்கும்போதே கார் ரேஸ் விளையாட்டு என்றால் உயிர். பக்கத்து வீட்டு டிவியில் அவன்—" நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் உங்களுக்கு அவனைப் பார்த்துப் பாவமாகிவிடும். அவனுக்காகப் பாவப்படுவதற்கு இந்தக் கதையில் இடமில்லை.

இரண்டாவது: "2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரிப்டோ நாணய மோகத்தால் உலகெங்கும் கிராபிக்ஸ் கார்டுகளுக்குக் கடும்—" ஐயே. பேப்பரில் வடை மடித்துக் கொடுத்தால் அதில் இருக்கும் செய்தி மாதிரி இருந்தது.

மூன்றாவது: "மணிமேகலை வீட்டுத் தறிக்கு ரெண்டு மாசத்துக்கு இருநூறு யூனிட் கரண்டு இலவசம்." இது நின்றது. இதிலிருந்து போவோம்.

2

மணிமேகலை வீட்டுத் தறிக்கு ரெண்டு மாசத்துக்கு இருநூறு யூனிட் கரண்டு இலவசம். வீட்டில் கைத்தறி வைத்திருக்கிறவர்களுக்கு அரசாங்கம் அப்போது கொடுத்துக்கொண்டிருந்த அளவு அது. முள்ளிப்பட்டில் அவள் வீட்டு முன்னறை முழுக்கத் தறிதான். அவள் புருஷன் குமரேசன் குழித்தறியில் பட்டு நெய்கிறவர். ரெண்டு டியூப்லைட், ஒரு ஃபேன், பின்கட்டில் ஒரு மிக்ஸி. எல்லாம் சேர்ந்து நாற்பது யூனிட்டைத் தாண்டியதில்லை. (கையால் நெய்கிற தறிக்குக் கரண்டு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, தலைமுடி கனம்கூட இல்லாத இழையைப் பொழுதுக்கும் பார்த்துப் பாருங்கள். லைட்டு எதற்கு என்று தெரியும்.)

மீதி நூற்று அறுபது யூனிட். அது யாருக்கும் போய்ச் சேராமல் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை அப்படியே கழிந்துகொண்டிருந்தது. கணக்கெடுக்க வருகிறவர் கரண்டு கார்டில் குறித்துவிட்டுப் போவார். மணிமேகலை அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். அந்த மிச்சத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் நினைத்ததே கிடையாது.

ஜெயவேல் அவளுடைய தம்பி. முப்பது வயது. ஆரணியில் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தான். பட்டுப்புடவை பார்டருக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது அவன் பிழைப்பு. மயிலையும் மாங்காயையும் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டிருப்பான். அந்த வேலைக்குப் பழைய கம்ப்யூட்டரே போதும். இந்த ஒரு வரியை மறந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், அவன் அக்காவிடம் வேறு மாதிரி சொல்லப் போகிறான்.

3

அவனுக்குக் கம்ப்யூட்டரில் படம் துல்லியமாக ஓட உள்ளே செருகுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்று வேண்டியிருந்தது. உண்மையான காரணம் விளையாட்டு. கார் மேல் மழை பெய்தால் கண்ணாடியில் துளி வழிவதுகூடத் தெரியுமே, அந்த மாதிரி விளையாட்டு. ஆனால் அந்த வருஷம் கார்டு விலை தலைக்கு மேல் ஏறிக் கிடந்தது. காரணம், அதே கார்டைப் பகலும் இரவும் கணக்குப் போட விட்டால் ஈதர் என்கிற இணையக் காசு துளித் துளியாகச் சேரும். அதற்கு மைனிங் என்று பேர். ஊரில் பாதிப் பேர் கார்டை அதற்குத்தான் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயவேல் யோசித்தான்: மைனிங் ஓட்டினால் கார்டு தன் விலையைத் தானே அடைத்துவிடும், அப்புறம் விளையாட்டு நமக்கு ஓசி.

கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். "கேமும் நல்லா ஓடணும், மைனிங்கும் ஓடணும். எது எடுக்கலாம்?"

கடைக்காரன் ரெண்டு கார்டு சொன்னான். ஒன்று 3060. விளையாட்டில் ராஜா. ஆனால் மைனிங் ஓட்டினால் வேகம் குறையும்படி தயாரிக்கும்போதே கட்டிப் போட்டிருந்தார்கள், கரண்டும் குடிக்கும். இன்னொன்று 6600. விளையாட்டில் ஒரு படி கீழே. ஆனால் கரண்டு விஷயத்தில் பரம சாது.

"உன் ரூம்ல எத வெச்சாலும் கரண்டு பில்லுக்கே சரியாப்பூடும்" என்றான் கடைக்காரன். "ஓசி கரண்டு எங்கியாவது கீதா சொல்லு."

ஜெயவேல் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான். "எங்க அக்கா வூட்ல தறி கீது."

கடைக்காரன் பில் புத்தகத்தைத் திருப்பி, அதன் முதுகில் கணக்குப் போட்டான். 3060 என்றால் மொத்த மெஷினும் நூற்று எழுபது வாட், ரெண்டு மாதத்துக்கு இருநூற்று நாற்பத்தைந்து யூனிட். தாண்டிவிடும். 6600 என்றால் நூற்றுப் பத்து வாட், நூற்று ஐம்பத்தெட்டு யூனிட். வீட்டுச் செலவு நாற்பதைக் கூட்டினால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. "இருநூறுக்குள்ள அடங்குது பாரு" என்று பேனாவால் அந்த எண்ணைத் தட்டினான்.*

உலகத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் காரணத்துக்கு ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அக்கா வீட்டுத் தறியின் மிச்ச யூனிட்டுக்கு அளவெடுத்துத் தேர்ந்தெடுத்தவன் ஆரணியில் ஒருத்தன்தான் இருப்பான். தறி மீட்டரில் தறி வேலை தவிர வேறு வேலை ஓட்டுவது தப்பு என்று அவனுக்குத் தெரியும். வீணாகப் போகிறதுதானே என்று சொல்லிக்கொண்டான். இந்த "வீணாகப் போகிறதுதானே" என்பதைத் தனக்குள் எத்தனை முறை சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

* இந்தக் கடைக்காரனை ரெண்டு முறை வெட்டினேன். கதைக்குத் தேவையில்லாத ஆள், கணக்கை ஜெயவேலே போட்டிருக்கலாம். ரெண்டு முறையும் மறுநாள் காலையில் திரும்ப எழுதி வைத்தேன்.

4

பங்குனியில் ஒரு நாள் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனான்.

"இன்னாடா இது?" என்றாள் மணிமேகலை.

"டிசைன் மெஷின்க்கா. பெரிய பெரிய டிசைனுக்கு நாள் முழுக்க ஓடிகினே இருக்கணும். என் ரூம்ல எடம் இல்ல."

"நம்ம வூட்ல வெய்டா, அதுக்கு இன்னா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சந்தேகம் கேட்டிருந்தால் இன்னும் ரெண்டு பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும், அவனுக்கும் கொஞ்சம் குத்தியிருக்கும். அவள் கேட்கவே இல்லை.

முன்னறையில் பாவு நீளமாகப் போய் முடிகிற கடைசியில், சுவரோரம் ஒரு ஸ்டூல் போட்டு மெஷினை வைத்தான். பாவு என்றால் நெய்வதற்காகத் தறியில் நீட்டிக் கட்டியிருக்கும் பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில். மெஷினுக்குப் பின்னால் மூன்று விசிறி. மூன்றும் பாவைப் பார்த்து இருந்தன. அறையில் வேறு இடமில்லை.

கிளம்பும்போது குமரேசனிடம் ரெண்டு விஷயம் சொன்னான். "மாமா, ஜன்னல சாத்தியே வெய்ங்க, தூசி போனா கெட்டுடும். அப்புறம் கீழ தண்ணி தெளிக்காதீங்க, ஷாக் அடிக்கும்."

வெயில் காலத்தில் பட்டு நெய்கிற வீட்டில் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுவார்கள். பட்டுக்குப் பதம் வேண்டும். காய்ந்துபோனால் இழை அறுந்துவிடும். இது முள்ளிப்பட்டில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். ஜெயவேலுக்கும் தெரியும், அவன் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை.

"சரி மச்சான்" என்றார் குமரேசன். ஜன்னலில் தொங்கிய சாக்கை அவரே கழற்றினார்.

5

இங்கே எனக்கு ஒரு சங்கடம். குமரேசனை நம்ப மாட்டீர்கள். மைத்துனன் சொன்னான் என்று பதத்தை விடுகிற நெசவுக்காரர் உண்டா என்று கேட்பீர்கள். இருபது வருஷமாக முகூர்த்தப் புடவை நெய்கிறவர், கூலிக்கு நெய்யக் கொடுக்கிற முதலாளி தன் நல்ல பாவையெல்லாம் முதலில் கொண்டுவந்து கொடுக்கிற கை அது, அவருக்குத் தெரியாதா என்பீர்கள்.

அதனால் அவரைக் கொஞ்சம் குறைத்து எழுதிப் பார்த்தேன். பீடி குடிக்க வைத்தேன். குழம்பில் உப்பு ஏறினால் தட்டைத் தள்ளுகிறவராக எழுதினேன். சீட்டாட்டத்தில் சீட்டு ஒளிக்கிறவர் என்றுகூட ஒரு பத்தி. (பீடி மட்டும் உண்மை.) எழுத எழுத எனக்கே கேவலமாக இருந்தது. அந்த மனுஷனைக் கொஞ்சம் கெட்டவராக்கிவிட்டால் நடந்ததும் கொஞ்சம் சின்னதாகிவிடும் என்று என் பேனா கணக்குப் போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் ஜெயவேல். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டுப் படிப்பது வரைக்கும் அவன்தான். பட்டைப் பற்றிக் குமரேசனுக்குத் தெரியும். மெஷினைப் பற்றி மச்சானுக்குத் தெரியும். மச்சான் சொன்னால் காரணம் இருக்கும்.

6

சித்திரை பிறந்ததும் இழை அறுந்துபோக ஆரம்பித்தது. நாளைக்கு நாலோ ஐந்தோ அறுவது வழக்கம்தான். இப்போது முப்பது, நாற்பது. ஒவ்வொன்றுக்கும் எழுந்துபோய், அறுந்த ரெண்டு முனையையும் தேடிப் பிடித்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்ட வேண்டும். நாளில் பாதி அதிலேயே போயிற்று.

ஜெயவேல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மெஷினைப் பார்க்க வருவான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை குமரேசன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மச்சான், கோச்சிக்காத. இந்த மெஷின் காத்து பாவு மேல அடிச்சிகினே கீது. பதம் போயிடுச்சோன்னு ஒரு டவுட்டு."

"அப்டிலாம் இருக்காது மாமா. வேணும்னா அளந்து பாத்துடலாம்."

அடுத்த வாரம் காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வந்தான். கைக்கடிகாரம் அளவு, நூற்றுக்கு எவ்வளவு என்று எண்ணால் காட்டும். நேர்மையாகத்தான் வாங்கினான் என்று சொல்கிறான். நம்புகிறேன். பாவு முடிகிற இடத்தில் கட்டினான். சிறிது நேரத்தில் மீட்டர் காட்டியது: முப்பத்தொன்று.

அப்போது குமரேசன் அங்கே இல்லை. டீ வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். மச்சானுக்காகப் போயிருந்தார்.

ஜெயவேல் முப்பத்தொன்றைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான். கார்டு விலையில் இன்னும் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மீட்டரை அவிழ்த்தான். வாசல் பக்கம், தண்ணீர்க் குடத்துக்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் மாட்டினான். குமரேசன் தூக்குவாளியோடு உள்ளே வந்தபோது அது அறுபத்திரண்டு காட்டியது.

"எவ்ளோ இருக்கணும்?"

"அறுபது இருந்தா நல்லதுன்னு போட்டுகீது மாமா."

குமரேசன் வாளியைக் கீழே வைக்காமல் மீட்டரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அறுபத்திரண்டு கீது."

"ஆமா மாமா."

"அப்போ காத்து இல்ல" என்றார். "என் கையிதான்."

(இந்த இடத்தை ஒன்பது முறை எழுதினேன். ஒரு படியில், "அங்கே ஆணி இருந்ததால் அங்கே மாட்டினான்" என்று முடித்திருந்தேன். ஆணி இருந்தது வாஸ்தவம். முப்பத்தொன்றைப் பார்த்த பிறகு மாட்டினான் என்பதும் வாஸ்தவம். ரெண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எழுதினால் அதுவும் குடத்துக்கு மேல் மாட்டுகிற வேலைதான்.)

7

ஒரு சின்னக் காட்சி. இதை ஜெயவேல் சொல்லும்போது பஜ்ஜிக் கரண்டியையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டான்.

கார்டு முள்ளிப்பட்டில் கிடக்கிறது, அவன் ஆரணியில். விளையாடத்தானே வாங்கினான்? அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் மைனிங்கை நிறுத்திவிட்டு, கூடவே எடுத்து வந்த திரையை மாட்டி ரெண்டு மணி நேரம் கார் ஓட்டுவான். வேலை செய்து தலை சூடாகிவிட்டதென்று அக்காவிடம் சொல்வான். வைகாசியில் அப்படி ஒரு மத்தியானம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ரெண்டு அடி தள்ளிக் குமரேசன் குனிந்து இழை ஒட்டிக்கொண்டிருக்கிறார். வேர்வை பாவில் விழாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டியிருக்கிறார். ஒரு வளைவில் ஜெயவேல் மூன்று காரைத் தாண்டிக்கொண்டு போனான்.

"ஷோக்கா ஓட்றியே மச்சான்" என்றார் குமரேசன். கையில் இழையைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் நிஜமான சந்தோஷம். "எங்க, இன்னொருவாட்டி அந்த மாதிரி போ."

அவன் இன்னொரு முறை போய்க் காட்டினான்.

8

ஆனியில் குமரேசனே சொன்னார், கண் பார்க்க வேண்டும் என்று. பைக்கில் உட்காரவைத்து ஜெயவேல்தான் ஆரணிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். குமரேசன் கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் படித்தார்.

"நாப்பத்தி நாலு வயசுக்கு இது சாதாரணம்தான். கிட்டப் பார்வைக்கு லேசா ஒரு கண்ணாடி போட்டுக்குங்க. பெருசா ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

"இல்லீங்க, பெருசா இருக்கும்" என்றார் குமரேசன். "இழை என்னை அறியாம அறுந்துடுதுங்க. கை நடுங்குதான்னும் பாருங்க."

டாக்டர் ரெண்டு கையையும் நீட்டச் சொன்னார். குமரேசன் நீட்டினார். நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜெயவேல் தன் ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

அன்றைக்கே அவரை வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கடைக்காரனிடம் வந்தான். எல்லாவற்றையும் கொட்டினான். மீட்டரை எங்கே மாட்டினான் என்பது உட்பட. "சொல்லிட்டா? மெஷின தூக்கிட்டு வந்துட்டா?" என்றான்.

கடைக்காரன் சொன்னான்: "இன்னும் கொஞ்ச நாள்ல ஈதர்ல மைனிங்கையே நிறுத்தப் போறாங்களாம். அப்போ தன்னால எடுத்துடப் போற. இப்போ போய்ச் சொல்லி இன்னா ஆவப்போவுது? சும்மா பேஜாரு. வுடு."

சரி. போதும்.

கடைக்காரன் நான்தான். ஆரணியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன், கதையும் எழுதுகிறேன். அந்தக் கணக்கை என் பில் புத்தகத்தின் முதுகில் போட்டவன் நான். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அந்த எண்ணைப் பார்த்து அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, நல்ல கதை எழுதிய நாளில்கூட வந்ததில்லை. கடைக்கு வந்த நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், தறி மீட்டரில் ஈதர் நெய்கிறான் ஒருத்தன் என்று. "வுடு" என்று நான் சொன்னபோது குமரேசனை நான் பார்த்ததுகூட இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எனக்கே நிச்சயமில்லை.

9

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டி எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பாவில் மூன்று முகூர்த்தப் புடவை. ரெண்டில் புடவையின் உடம்பு நெடுகக் கோடு, இழை விட்ட கோடு. முதலாளி திட்டவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க கையா குமரேசா இது?" என்று மட்டும் கேட்டார். குமரேசன் கும்பிட்டு, "இனிமே எனக்கு சாதா பாவே குடுங்க" என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். சாதாப் புடவைக்குக் கூலி பாதிக்கும் கீழே.

"உங்க மாமாவுக்கு வயசாவுதுடா" என்றாள் மணிமேகலை தம்பியிடம். அவளுக்கே அதை நம்ப முடியாத மாதிரி குரல்.

செப்டம்பரில் ஈதரில் மைனிங் நின்றது. வந்த காசு கார்டு விலையில் மூன்றில் ஒரு பங்கு. மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான். ஜன்னல் திறந்தது, சாக்கு திரும்பத் தொங்கியது, தரையில் தண்ணீர் தெளித்தார்கள். இழை அறுவது நின்றது.

ஜெயவேல் இதற்காகக் காத்திருந்தான். மெஷின் போனதும் நின்றுவிட்டதே என்று அவரே கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்தால் தான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போ இழை அறுந்துபோறதில்லையா மாமா?" என்று கேட்டும் பார்த்தான்.

குமரேசன் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்துச் சிரித்தார். "சாதா பாவு இல்ல? அறுந்துபோவாது. நம்ம கைக்கு இதான் சரி மச்சான்."

அதற்கப்புறமும் முதலாளி முகூர்த்தப் பாவோடு வந்து பார்த்தார், ரெண்டு முறை. குமரேசன் தொட மறுத்துவிட்டார். சாதாக் கூலியில் குடும்பம் ஓடவில்லை. அதனால் போன தையில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்: வருகிற ஆடியோடு தறியைப் பிரித்துக் குழியை மூடிவிட்டு, களம்பூரில் ஒரு ரைஸ்மில்லில் மூட்டை கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போவது. அந்த வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தது ஜெயவேல். எழுதிக் கொடுத்துவிட்டு நேராக டீக்கடைக்கு வந்தான்.

"இப்பவாவது சொல்லேன்டா" என்றேன் நான். "வுடு" என்றவன் நான்தான் என்பது ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

"திட்டினா தாங்கிப்பேன்டா" என்றான். "அடிச்சாக்கூட பரவால்ல. அவரு அப்டிச் செய்ய மாட்டாரு. 'வுடு மச்சான், ஒனக்கு மட்டும் தெரியுமா இப்படி ஆவும்னு' அப்டிம்பாரு. எனக்குத் தெரியும்டா. முப்பத்தொண்ணுன்னு என் கண்ணால பாத்தேன்."

10

முடிவுகள். எழுதி, அடித்தவை.

(அ) ஜெயவேல் சொல்கிறான். குமரேசன் எழுந்து பளாரென்று ஓர் அறை விடுகிறார், அப்புறம் தறியில் உட்காருகிறார். ரெண்டு பக்கம் எழுதினேன். குமரேசன் கை ஓங்குகிற வாக்கியம் மட்டும் எத்தனை தரம் எழுதினாலும் என் சொந்தக் கையாகவே வந்தது. அடித்துவிட்டேன்.

(ஆ) தறி மீட்டரில் வேறு வேலை ஓட்டியது கரண்டு ஆபீசுக்குத் தெரிந்து ஆள் வருகிறார்கள், உண்மை வெளிவருகிறது. நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் மீட்டர் யார் பேரில் இருக்கிறது? மணிமேகலை பேரில். அபராதமும் அவளுக்குத்தான் வரும். அடித்துவிட்டேன்.

(இ) குமரேசனுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். குடத்துக்கு மேல் மீட்டரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மச்சான் மனசு நோகக் கூடாதென்று வாய் திறக்காமல் இருந்தார். இதை எழுதி முடித்த மூன்று நாளும் நன்றாகத் தூங்கினேன். பத்திரிகைக்காரர்களுக்கும் ரொம்பப் பிடித்திருக்கும். நாலாம் நாள் கிழித்துப் போட்டேன். அவருக்குத் தெரியாது. தன் கை போய்விட்டது என்று அந்த மனுஷர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியும் என்று நான் எழுதினால் நல்லாயிருக்கப் போவது நான், ஜெயவேல், இதைப் படிக்கிற நீங்கள். அவரைத் தவிர எல்லாரும்.

11

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன், என்று எழுதுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். நானும் எழுதினேன். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆரணியிலிருந்து பஸ் இருக்கிறது. ஊருக்குள் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு சாதாப் புடவை நெய்கிற குமரேசன் வீடு எது என்று கேளுங்கள், போய், "உங்க கையில ஒண்ணும் இல்ல, பாவைக் காயவெச்சது மெஷின்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வாருங்கள், எங்கள் ரெண்டு பேராலும் முடியவில்லை, என்று உருக்கமாக ஒரு பத்தி.

திரும்பப் படித்தபோது காது சூடேறியது. நீங்கள் நிஜமாகவே போனால் என்ன ஆகும்? முள்ளிப்பட்டில் அப்படி ஒரு குமரேசன் கிடையாது. அவர் பேர் குமரேசன் இல்லை. ஊரும் முள்ளிப்பட்டு இல்லை. மணிமேகலை, ஜெயவேல், எல்லாம் நான் வைத்த பேர்கள். மாற்றச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. முதல் வரி எழுதும்போதே, ஒரு யோசனையும் இல்லாமல், தன்னால் மாற்றிவிட்டேன். அந்த மனுஷரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று உங்களைக் கெஞ்சுகிறவன், நீங்கள் அவரைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் செய்துவிட்டுத்தான் கெஞ்சியிருக்கிறேன்.

அவருக்கு வாசிக்கிற பழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், கிடைக்கிற வாரப் பத்திரிகையை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பாராம். இது அவர் கைக்கே போகலாம். படித்துவிட்டு, பேரும் ஊரும் வேறு, நம்ம மச்சான் அப்படிச் செய்கிற ஆளும் இல்லை, பாவம் யாரோ ஒரு நெசவுக்காரர் என்று சொல்லி மடித்து வைத்துவிட்டு, மில்லுக்குப் போகத் தயாராவார்.

எழுதிவிடுகிறேன். ஊர் வேண்டாம், தெரு வேண்டாம், பேர் மட்டும் போதும், படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அவருடைய உண்மையான பேர்—